கஞ்சால எத்தனை வகை? இலை, பூ, பிசின், அப்புறம் அந்த இண்டிகா சட்டிவா குழப்பம்

டொரான்டோல இருக்குற என் சித்தி பையன் ஒருநாள் ஒரு போட்டோ அனுப்பினான், அங்க லைசென்ஸ் வாங்கி நடத்துற கஞ்சா கடையோட மெனு போர்டு. நம்ம ஊர் ஜூஸ் கடை போர்டு மாதிரியே இருக்கு, மூணு வரிசை, ஒண்ணு இண்டிகா, ஒண்ணு சட்டிவா, நடுவுல ஹைப்ரிட், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெண்டு நம்பர். கீழ "அண்ணே நீ பார்மசி படிச்சவன்தானே, இதுல என்னதான் வித்தியாசம்"னு ஒரு கேள்வி. நான் படிச்ச பார்மசில இண்டிகா தூங்க வைக்கும் சட்டிவா ஆட வைக்கும்னு எந்த சாரும் சொல்லித் தரல, அதனால ரெண்டு நாள் உக்காந்து படிச்சிட்டுத்தான் பதில் போட்டேன். அதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன். யாரையும் இழுக்கச் சொல்லியோ வாங்கச் சொல்லியோ இல்ல, இந்தியால கஞ்சா வச்சிருந்தா ஜெயில், அதையும் கீழ சொல்றேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். "கஞ்சால என்ன வகை"ன்னு கேட்டா அதுக்குள்ள மூணு வேற வேற கேள்வி ஒளிஞ்சிருக்கு. எந்தச் செடி? அந்தச் செடியில எந்தப் பாகம்? அந்தப் பாகத்துல என்ன கெமிக்கல் எவ்வளவு? கனடா கடைக்காரர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி போர்டு வைக்கிறார், நம்ம சட்டம் ரெண்டாவது கேள்வியக் கேக்குது, அமெரிக்கச் சட்டம் மூணாவதக் கேக்குது. மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறதாலதான் இவ்வளவு குழப்பம்.

நமக்குப் பழக்கமான ரெண்டாவது கேள்வியிலேர்ந்தே ஆரம்பிக்கலாம். காசிக்குப் போனவங்க பாத்திருப்பீங்க, அங்க அரசாங்க லைசென்ஸோட பாங் கடை இருக்கும், பச்சையா அரைச்சு உருண்டை பிடிச்சு வச்சிருப்பாங்க. எங்க அப்பா அதப் பாத்துட்டு "ஏம்ப்பா, நம்ம ஊர்ல பொட்டலம் வச்சிருந்தா தூக்கி உள்ள போடுறான், இங்க போர்டு வச்சு விக்கிறான்"னு கேட்டார். நியாயமான கேள்விதான். விஷயம் என்னன்னா பாங்குங்கிறது அந்தச் செடியோட இலை. கஞ்சாங்கிறது பொம்பளச் செடியோட பூ, அதாவது பூத்த கொண்டை. சரஸ்ங்கிறது அந்தப் பூவுல ஒட்டிக்கிட்டு இருக்குற பிசின மட்டும் தனியா எடுத்தது. செடி ஒண்ணுதான், பாகம்தான் வேற. பால், தென்னங்கள்ளு, பதநீர்ன்னு ஒரே மரத்த வச்சே நாம எத்தனை பேர் சொல்றோம், அது மாதிரின்னு சொல்ல வந்தேன், பால் மரத்துல வராதுன்னு இப்பத்தான் ஞாபகம் வருது, விடுங்க, கருத்து புரிஞ்சிருக்கும்.

இந்தச் செடியில ஆண் தனி, பெண் தனி. ஆண் செடி மகரந்தம் விட்டுட்டு முடிஞ்சிரும், போதைக்காக வளக்குறவங்களுக்கு அதால பிரயோஜனம் கிடையாது. பெண் செடியோட பூவச் சுத்தி ரொம்பப் பொடிசா, கண்ணாடித் துளி மாதிரி முடி முளைச்சிருக்கும், தொட்டா விரல் பிசுபிசுக்கும், போதைப் பொருள் முக்கால்வாசி அந்தத் துளிக்குள்ளதான் இருக்கு. இலையில அந்தத் துளி கம்மி, அதனால பாங் லேசு. பூவுல நிறைய, அதனால கஞ்சா காரம் ஜாஸ்தி. துளிய மட்டும் திரட்டுனா அது எல்லாத்தையும் விட ஜாஸ்தி. இமாச்சல்ல மலானா பக்கம் பச்சைச் செடிய உள்ளங்கையில தேச்சுத் தேச்சு, கையில ஒட்டுற கருப்புப் பிசினச் சுரண்டி உருட்டுறது சரஸ். ஆப்கானிஸ்தான், மொராக்கோ பக்கம் காய வச்ச செடியச் சலிச்சு, விழுற பொடிய அழுத்திக் கட்டியாக்குறது ஹஷீஷ். செய்முறைதான் வேற, ரெண்டும் பிசின்தான்.

இன்னொரு சுவாரசியமான சமாச்சாரம். பெண் பூவுக்கு மகரந்தம் படாம இருந்தா விதை வைக்காது, விதை வைக்காத பூ பிசின அதிகமா விடும். அமெரிக்கால இதுக்கு சின்செமியான்னு ஒரு ஸ்பானிஷ் பேர் வச்சு (விதை இல்லாததுன்னு அர்த்தம்) பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பேசுவாங்க. ஆனா பிரிட்டிஷ்காரன் 1893-ல இந்தியால கஞ்சாவப் பத்தி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டான், ஆயிரத்துக்கும் மேல சாட்சிகள விசாரிச்சு அடுத்த வருஷம் கட்டு கட்டா ரிப்போர்ட் குடுத்தாங்க, அந்த ரிப்போர்ட்லயே இது இருக்கு. வங்காளத்துல நவ்காவ் பக்கம் (இப்ப பங்களாதேஷ்ல இருக்கு) வயல் வயலாப் போயி ஆண் செடியப் பாத்துப் பிடுங்கிப் போடறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க, இங்கிலீஷ்காரன் அவங்கள கஞ்சா டாக்டர்னு கூப்பிட்டான். அந்த ஊர் கஞ்சாவுலயே தட்டைக் கஞ்சா, உருண்டைக் கஞ்சான்னு வகை இருந்துச்சு, கால்ல மிதிச்சுத் தட்டையாக்குனா ஒரு ரகம், உருட்டி எடுத்தா இன்னொரு ரகம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னாடி "என்ன வகை"ன்னா நம்ம ஆளுங்களுக்கு இதுதான் அர்த்தம், இண்டிகாவும் கிடையாது சட்டிவாவும் கிடையாது.

அந்தக் கமிஷன் கடைசியில என்ன சொல்லுச்சுன்னும் சொல்லிடறேன், மிதமா எடுத்துக்கிறவங்களுக்குப் பெரிய கெடுதல் இல்ல, அளவு மீறினாத்தான் ஆபத்து, அதனால முழுசாத் தடை பண்ண வேணாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துனாப் போதும்னு. ஆனா அவங்க பாத்த சரக்கும் இன்னிக்கு இருக்குற சரக்கும் ஒண்ணு இல்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப சட்டம். 1985-ல வந்த என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் சட்டத்துல கஞ்சான்னா பூத்த அல்லது காய்ச்ச கொண்டை, கொண்டையோட சேராம தனியா இருந்தா இலையும் விதையும் அதுல வராதுன்னு எழுதியிருக்கு. காசி கடைக்காரர் தப்பிக்கிற சந்து அதுதான், அவர் விக்கிறது இலை, இலைய என்ன பண்றதுங்கிறத மாநிலங்கள் கையில விட்டுட்டாங்க. எல்லா மாநிலத்துலயும் அனுமதின்னு நினைச்சிராதீங்க, ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதி. பூ, பிசின் ரெண்டும் நாடு முழுக்கக் குத்தம், அளவப் பொறுத்து தண்டனை. கஞ்சான்னா 1 கிலோ வரைக்கும் சின்ன அளவு, ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு, கம்மியே 10 வருஷம். அதுவே சரஸுக்கு 100 கிராம், 1 கிலோன்னு கணக்கு இறங்கிடும். பாருங்க, பிசின் எத்தனை மடங்கு வீரியம்னு சட்டமே அதோட பாஷைல ஒத்துக்குது.

நம்ம பேப்பர்ல வர்ற மத்த பேர்கள் எல்லாம் ஊர்ப் பேர்தான். ஆந்திரா ஒடிசா எல்லை மலையிலேர்ந்து வர்றத சீலாவதின்னு சொல்றாங்க, கேரளால இடுக்கி கோல்டுன்னு ஒரு பேர், யாழ்ப்பாணப் பக்கம் கடல் வழியாப் போயி மாட்டுறதுக்கு இலங்கைப் பத்திரிகைல எப்பவும் "கேரள கஞ்சா"ன்னுதான் போடுவாங்க, அது நிஜமா கேரளால விளைஞ்சதா இல்லையான்னு யாரும் செக் பண்றதில்ல. சாமியார்கள் வாயில அது சிவமூலி. பேர் எத்தனை இருந்தாலும் கேக்க வேண்டியது அதே கேள்விதான், இலையா பூவா பிசினா.

சரி, இண்டிகா சட்டிவாவுக்கு வருவோம், இதுதான் என் தம்பி கேட்டது, இதுலதான் பெரிய காமெடி இருக்கு.

1753-ல லின்னேயஸ்ங்கிற ஸ்வீடன் தாவரவியலாளர் ஐரோப்பால நாருக்காக வளக்குற உசரமான செடியப் பாத்து கன்னாபிஸ் சட்டிவான்னு பேர் வச்சார். சட்டிவான்னா லத்தீன்ல பயிரிடுறதுன்னு அர்த்தம், அவ்ளோதான், நம்ம அரிசி கூட ஒரைசா சட்டிவாதான், அதுல எந்த உற்சாகமும் இல்ல, மத்தியானம் சாப்பிட்டா தூக்கம்தான் வருது. அப்புறம் 1785-ல லமார்க்ங்கிற பிரெஞ்சுத் தாவரவியலாளர், நம்ம பாண்டிச்சேரில கொஞ்ச காலம் இருந்த சோனெராங்கிற பிரெஞ்சுக்காரர் இந்தியாலேர்ந்து கொண்டு போன செடியப் பாத்துட்டு, இது வேற மாதிரி இருக்கு, தண்டு கெட்டியா இருக்கு, நாருக்கு ஆகாது, போதை இருக்குன்னு சொல்லி கன்னாபிஸ் இண்டிகான்னு பேர் வச்சார். ஆக ஒரிஜினல் கணக்குப்படி சட்டிவான்னா ஐரோப்பா நார்ச்செடி, இண்டிகான்னா இந்தியப் போதைச்செடி. 1924-ல ஒரு ரஷ்யத் தாவரவியலாளர் மூணாவதா ருடெராலிஸ்னு ஒண்ணு சேத்தார், அது குட்டையா குப்பைமேட்டுல தானா முளைக்கிற ரகம், பகல் நீளத்தப் பாக்காம வயசானா பூத்துரும், போதை ரொம்பக் கம்மி, அத இதோட விட்டுருவோம்.

இப்ப கதையே மாறுது. 1970-கள்ல ஷுல்டஸ்னு ஒரு அமெரிக்கத் தாவரவியலாளர் ஆப்கானிஸ்தான் போயி, குட்டையா, புதர் மாதிரி, அகல இலை வச்ச செடிங்களப் பாத்துட்டு இதுதான் இண்டிகான்னு எழுதினார். அது அப்படியே வளக்குறவங்க மத்தியில பரவிருச்சு. குட்டை, அகல இலைன்னா இண்டிகா. உசரம், மெல்லிசு இலைன்னா சட்டிவா. இந்தக் கணக்குல பாத்தா நம்ம இடுக்கி மலையில நெடுநெடுன்னு வளர்ற மெல்லிசு இலைச் செடி சட்டிவாவாம்! லமார்க் இண்டிகான்னு பேர் வச்ச இந்தியச் செடிக்கு இப்ப கடையில அந்தப் பேர் கிடையாது, ஆப்கான் செடி அந்தப் பேர எடுத்துக்கிச்சு. வீட்டு ஓனர் வெளியூர் போயிட்டு வர்றதுக்குள்ள வாடகைக்காரன் பட்டாவ மாத்திக்கிட்ட கதைதான்.

பேர்தான் மாறிப்போச்சு, குணமாவது வேற வேற இருக்கான்னா அதுவும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. அம்பது வருஷமா எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒட்டிக் கலந்துட்டாங்க, சுத்தமான ரகம்னு கடையில ஒண்ணு கிடைக்கிறதே கஷ்டம். 2021-ல கனடா ஆராய்ச்சியாளர்கள் 100-க்கும் மேல சாம்பிள் எடுத்து ஜீன் பாத்தாங்க, இண்டிகா லேபிள் ஒட்டினது எல்லாம் ஒரு குடும்பம், சட்டிவா லேபிள் எல்லாம் ஒரு குடும்பம்னு வரல. வாசனை தர்ற சில டெர்பீன் மட்டும்தான் கொஞ்சம் ஒத்துப் போச்சு, மண் வாடை மாதிரி வர்ற மிர்சீன் ஜாஸ்தியா இருந்தா இண்டிகான்னு ஒட்டியிருக்காங்க. அதாவது மோந்து பாத்து லேபிள் ஒட்டியிருக்காங்க, என் புரிதல் அதுதான். டெர்பீன்னா பயப்பட வேணாம், எலுமிச்சைத் தோல்ல இருக்குற லிமோனீன், மிளகுல இருக்குற கேரியோஃபிலீன், இந்த மாதிரி வாசனைப் பொருள்தான், அதுவே இந்தப் பூவுலயும் இருக்கு. "இண்டிகா உடம்பச் சாய்க்கும், சட்டிவா மூளையத் தூக்கும்"ங்கிறத அடிச்சுச் சொல்றவங்கள நான் ஜாதகக்காரர் லிஸ்ட்ல வச்சிருக்கேன்.

அப்ப நிஜமான வித்தியாசம் எங்க இருக்குன்னா மூணாவது கேள்வியில, அதாவது கெமிக்கல்ல. ரெண்டு பேர் தெரிஞ்சாப் போதும், டிஹெச்சி, சிபிடி. போதை குடுக்குறது டிஹெச்சி. 1964-ல இஸ்ரேல்ல மெச்சூலம், கவோனின்னு ரெண்டு பேர் இத முழுசாப் பிரிச்சுக் காட்டினாங்க, அந்த ஆராய்ச்சிக்கு மெச்சூலம் போலீஸ் பறிமுதல் பண்ணி வச்சிருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷ வாங்கிட்டு பஸ்ல போனாராம், பக்கத்துல உக்காந்தவங்களுக்கு வாடை வந்திருக்கும். நம்ம மூளையில டிஹெச்சி போய் உக்கார்ற மாதிரியே ஒரு பூட்டு இருக்கு, பூட்டு இருந்தா நம்ம உடம்பே செய்யிற சாவியும் இருக்கணுமேன்னு தேடி 1992-ல கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வச்ச பேர் ஆனந்தமைடு, நம்ம ஆனந்தமேதான், சமஸ்கிருதத்துலேர்ந்து எடுத்து வச்சாங்க.

சிபிடி அந்தப் பூட்டுல சரியா உக்காராது, அதனால போதை கிடையாது. சில வகை கடுமையான குழந்தைப்பருவ வலிப்புக்கு சிபிடி மருந்த 2018-ல அமெரிக்கால முறைப்படி அனுமதிச்சாங்க, அது உறுதியான ஆதாரம் உள்ளது. அதக் காட்டி தூக்கம், மூட்டு வலி, முடி கொட்டுறது எல்லாத்துக்கும் சிபிடி எண்ணெய்னு விக்கிறாங்க பாருங்க, அது வியாபாரம்.

இந்த ரெண்டும் செடிக்குள்ள ஒரே மூலப் பொருள்லேர்ந்துதான் வருது. ஒரே மாவுலதான் இட்லியும் தோசையும், எந்த என்சைம் வேலை செய்யிதுங்கிறதப் பொறுத்து இட்லிச் செடியா தோசைச் செடியான்னு முடிவாகும். டிஹெச்சி ஜாஸ்தியா இருந்தா முதல் டைப், ரெண்டும் கலந்து இருந்தா ரெண்டாவது, சிபிடி மட்டும் ஜாஸ்தின்னா மூணாவது. விஞ்ஞானிங்க சொல்ற வகை இதுதான், இலை அகலமா நீளமாங்கிறது இதுல வரவே வராது. இன்னொண்ணு, பச்சைச் செடியில இருக்குறது டிஹெச்சியே இல்ல, அதோட ஆசிட் ரூபம், அதுல போதை இல்ல, சூடு படும்போதுதான் டிஹெச்சியா மாறும்.

மூணாவது டைப்ல டிஹெச்சி ரொம்ப ரொம்பக் கம்மியா இருந்தா அதுக்குப் பேர் ஹெம்ப். எவ்ளோ கம்மின்னா அமெரிக்கால 2018 சட்டப்படி காய்ஞ்ச எடையில 0.3 சதவீதம். இந்த 0.3 எங்கேர்ந்து வந்துச்சுன்னா 1976-ல எர்னஸ்ட் ஸ்மால், குரோன்குவிஸ்ட்னு ரெண்டு தாவரவியலாளர்கள் செடிங்களப் பிரிச்சு அடுக்குறதுக்கு வசதியா எங்கயாவது ஒரு கோடு போடணும்னு போட்ட கோடு, அதுக்கு மேல போதை ஆரம்பிக்கும்னு அர்த்தம் இல்ல. அந்தக் கோடு பின்னாடி சட்டமாகி, அதத் தாண்டினா விவசாயி விளைச்சல அப்படியே விக்க முடியாத நிலைமை.

இங்க தமிழ்ல ஒரு தனிக் குழப்பம் இருக்கு. ஹெம்ப்ப சணல்னு மொழிபெயர்க்கிறாங்க. சணல் வேற செடி, கோணிப்பை பண்றது. வயல்ல பசுந்தாள் உரமா மடக்கி உழுவுற சணப்பையும் வேற, மஞ்சப் பூ பூக்கும், அது அவரைக் குடும்பம். கஞ்சாவுக்கு நெருங்கின சொந்தக்காரன் யாருன்னா பியர்ல போடுற ஹாப்ஸ். இன்னொரு பக்கம் நம்ம வீட்டு புளிச்சக்கீரையோட தாவரவியல் பேர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், இலை கஞ்சா இலை மாதிரி விரல் விரலா பிரிஞ்சு இருக்குறதால வச்ச பேர், சொந்தம் எதுவும் இல்ல, அது செம்பருத்தி வகை. பருப்புல போட்டுக் கடையலாம், ஒண்ணும் ஆகாது.

நிஜ ஹெம்ப் நம்ம நாட்டுலயே உண்டு. உத்தராகண்ட் மலையில அந்த நார்ல துணி நெய்வாங்க, விதைய வறுத்து சட்னி அரைப்பாங்க, 2018-ல தொழிலுக்காக வளக்க அங்க அனுமதியும் குடுத்துட்டாங்க. விதையில போதை கிடையாது, 2021-லேர்ந்து விதை, விதை எண்ணெய், மாவு மூணையும் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உணவா ஏத்துக்கிச்சு. ஆன்லைன்ல பாக்கெட்ல கிடைக்கிற ஹெம்ப் சீட்ஸ் அதுதான், எள்ளு மாதிரி இருக்கும், விலைதான் எள்ளு மாதிரி இல்ல.

முன்னாடி விட்ட விஷயத்துக்கு வரேன், வீரியம். அமெரிக்கால பறிமுதல் பண்ணின சரக்க வருஷா வருஷம் டெஸ்ட் பண்றாங்க, 1995-ல சராசரியா 4 சதவீதம் டிஹெச்சி இருந்தது 2014-ல 12 கிட்ட வந்துருச்சு. இன்னிக்கு கடை போர்டுல 20, 25-னு சாதாரணமாப் போட்டிருக்கான். பூவுலேர்ந்து உறிஞ்சி எடுக்குற எக்ஸ்ட்ராக்ட் 60, 70-க்கு மேலயும் போகும். "எங்க தாத்தா காலத்துலயே சாமியாருங்க குடிச்சாங்க, ஒண்ணும் ஆகல"ன்னு பேசுறவங்க இந்த நம்பரப் பாக்கணும், கள்ளையும் பட்டைச் சாராயத்தையும் ஒரே டம்ளர்ல ஊத்தி அளக்குற மாதிரி அது. தினமும் வீரியமான சரக்கு இழுக்குறவங்களுக்கு மனச்சிதைவு மாதிரி நோய் வர்ற ஆபத்து ஜாஸ்தின்னு ஆராய்ச்சிகள் தொடர்ந்து காட்டுது, அதுவும் சின்ன வயசுல ஆரம்பிச்சா, வீட்டுல ஏற்கனவே யாருக்காவது அந்த நோய் இருந்தா இன்னும் மோசம்.

சாப்பிடுற வகை தனி. மிட்டாய், கேக், பாங் உருண்டை எல்லாம் வயித்துக்குள்ள போயி கல்லீரல்ல மாறி அப்புறம்தான் தலைக்கு ஏறும், அரை மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆகும். ஒண்ணும் தெரியலையேன்னு இன்னொண்ணு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க ஹோலிக்கு ஹோலி வடக்குல இருக்காங்க. கனடால இதுக்காகவே ஒரு பாக்கெட் மிட்டாய்ல மொத்தம் 10 மில்லிகிராம் டிஹெச்சிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி, அட்டையில சிவப்பு எட்டு மூலைக் கட்டத்துக்குள்ள இலை படம் போட்டிருக்கணும்.

வகையே இல்லாத ஒரு வகையும் இருக்கு, ஸ்பைஸ், கே2-ன்னு பாக்கெட்ல வர்றது. ஏதோ ஒரு காய்ஞ்ச இலை மேல லேப்ல செஞ்ச கெமிக்கல ஸ்ப்ரே பண்ணினது, செயற்கைக் கஞ்சான்னு சொல்லுவாங்க, ஆனா கஞ்சாச் செடிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. டிஹெச்சி அந்தப் பூட்டுல பாதி திருகுனா இது முழுசாத் திருகி உடைச்சிரும், ஆள் செத்தே போயிருக்காங்க.

இதெல்லாம் எழுதி தம்பிக்கு அனுப்பினேன், போர்டுல பேரப் பாக்காத, பக்கத்துல இருக்குற ரெண்டு நம்பரப் பாரு, முதல் நம்பர் டிஹெச்சி ரெண்டாவது சிபிடி, அதுதான் வகைன்னு. படிச்சானோ இல்லையோ, உடனே அடுத்த கேள்வி, "அண்ணே அக்கா கல்யாணத்துக்கு வரும்போது சிபிடி ஜெல்லி மிட்டாய் ரெண்டு பாக்கெட் கொண்டு வரட்டா, அதுலதான் போதை இல்லையே". டேய், முதல்ல கனடாவ விட்டு வெளிய எடுத்துட்டு வர்றதே அவங்க ஊர்ல குத்தம், சிபிடின்னாலும் அதேதான். இங்க ஏர்போர்ட்ல இறங்குனா அவங்க பாக்குறது பூவுலேர்ந்து எடுத்ததா இல்லையா, துளி டிஹெச்சி இருக்கா இல்லையான்னு, உன் போர்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இல்ல. வழியில சிங்கப்பூர்ல வேற பிளைட் மாறுறான், அந்த ஊர்ல 500 கிராமுக்கு மேல கஞ்சா கடத்துனா தூக்கு, 2023-ல கூட போட்டாங்க. இவ்ளோவும் சொன்னப்புறம் மேப்பிள் சிரப் கொண்டு வந்தான், நாலு பாட்டில், அதுல ஒண்ணு பெட்டிக்குள்ளயே ஒடஞ்சு பட்டு வேட்டி பூரா பிசின்.